கிலோ நாலு ரூபாய்

தக்காளி கிலோ நாலு ரூபாய்க்கு விழுந்த வாரம்
மூன்று ஆட்டமும் ஜெயித்தோம்.
இதை யாரிடமும் சொல்ல முடியாது.
பாலக்கோட்டு மண்டியில் உட்கார்ந்துகொண்டு
விலை விழட்டும் என்று நினைக்கிறவளைச்
செருப்பால் அடிப்பார்கள்.

ஆனால் கணக்கு எழுதுகிறவள் நான்.
நோட்டின் முன்பக்கம் கிரேடு,
பின்பக்கம் ரன்.
ஒரே பேனா.

தீர்த்தகிரி பந்து வீச ஓடி வரும்போது
வலது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருந்தால்
ராத்திரி சென்னை லாரிக்கு
இருநூறு கிரேடு ஏற்றியிருக்கிறான் என்று அர்த்தம்.
அன்றைக்கு யார்க்கர் விழாது.
முழங்கால் உயரத்துக்குக் குழைந்து வரும்.
மாரண்டஅள்ளிக்காரன் அதைத் தூக்கிப்
புளியமரத்துக்கு அந்தப் பக்கம் போடுவான்.
"பவுலர மாத்துடா!" என்று பையன்கள் கத்துவார்கள்.
நானும் கத்துவேன்,
வாய்க்குள்.

கிலோ அறுபதுக்குப் போன ஆடியில்
ஏழு ஆட்டம், ஏழும் தோல்வி.
ஊரே கையில் காசோடு சிரித்தது.
கேப்டன் சென்றாயன் மட்டும்
டாஸ் போட்ட நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
கோளாறு அதில்தான் என்பதுபோல.

பிறகு வந்தது அந்த யோசனை: கெஸ்ட் பிளேயர்.
ஓசூரிலிருந்து ஒருவன்.
ஆட்டத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு, பெட்ரோல் தனி,
பிரியாணியில் லெக் பீஸ் கட்டாயம்.
கறுப்புக் கண்ணாடி. பனியன் முதுகில் இரட்டைப் பூஜ்யம்.
அவனுக்கு இடம் விட
மாதேஷை உட்கார வைத்தார்கள்.

மாதேஷை!
இடது கைச் சுழல். ரெண்டு ஓவருக்குப்
பதினோரு ரன்னைத் தாண்டவிடாதவன்.
கேட்டால், அவனுக்கு பேட்டிங் வராதாம்.
பதினோராவது ஆளுக்கு எதற்கு வரவேண்டும்?
முதல் பத்துப் பேருக்கு வருகிறதா?
நோட்டு என்னிடம் இருக்கிறது, காட்டட்டுமா?
அஸ்லாம் கீப்பிங், சரி, பிடிக்கிறான்.
அவனை மூன்றாவதாக இறக்குவதற்கு
அவன் மாமா பந்து வாங்கித் தருவதைத் தவிர
வேறு காரணம் உண்டா?

ஒருமுறை கேட்டேவிட்டேன்.
சீட்டு வாங்க மண்டிக்கு வந்திருந்தான் சென்றாயன்.
"மாதேஷ ஏன் ஒக்கார வச்ச?"
அவன் திரும்பிப் பின்னால் பார்த்தான்,
வேறு யாரோ கேட்டதாக.
"நீயாக்கா? நீ ஆட்டமெல்லாம் பாப்பியா?"
எட்டு வருஷமா பாக்கறன்டா என்றேன்.
நீ முதல் பந்திலேயே அவுட்டானது இருபத்தொன்பது தடவை
என்பதைச் சொல்லவில்லை.
சீட்டில் நிறைய பாக்கி இருந்தது அவனுக்கு,
அது வேறு கணக்கு.

காரிமங்கலத்தோடு கெஸ்ட் நாலு சிக்ஸ் அடித்தான்.
ஜெயித்தோம்.
சந்தோஷமா என்றால் சந்தோஷம்தான்.
தெரியாதவர் கல்யாணத்தில்
வயிறு முட்டச் சாப்பிட்டு வந்ததுபோல.

நாளைக்கு அரையிறுதி. பென்னாகரம்.
இன்று விலை முப்பத்தெட்டு, ஏறுமுகம்.
வாசலில் இரண்டு லாரி.
ஏற்றுக்கூலி ஆட்களின் பேர் எழுதுவதும் நான்தான்.
ஒரு பேரை விட்டுவிட ஒரு நொடி போதும்,
மறந்துட்டன்ப்பா என்றால் தீர்ந்தது.
தீர்த்தகிரி துண்டைத் தலையில் கட்டிக்கொண்டே வந்தான்.
"அக்கா, என் பேர மொதல்ல எழுது.
பாப்பாவுக்கு ஸ்கூல் பீஸு."
எழுதினேன்.
முதல் பேராக.

பத்து மணிக்கு மேல், கொசுக்கடியில்,
நோட்டைத் திருப்பி நாளைய டீமை எழுதினேன்.
சென்றாயன் ஓப்பனிங் வேண்டாம், ஆறாவது.
அஸ்லாம் எட்டு.
இரட்டைப் பூஜ்யம் இருக்கட்டும், காசு கொடுத்தாயிற்று.
முதல் ஓவர் மாதேஷ்.
தீர்த்தகிரிக்குக் கடைசிக்கு முந்தைய ஓவர் மட்டும்,
அதுவரை தோள் ஆறட்டும்,
அவனை பவுண்டரியில் நிறுத்தாதே, எறிய முடியாது.

விடியற்காலை நாலரைக்கு
பக்கத்தைக் கிழித்து
ஆயிரம் ரூபாய்க் கூலியோடு மடித்துக் கொடுத்தேன்.
வெளிச்சத்துக்குத் திரும்பி நின்று
எண்ணிப் பார்த்தான்.
ரூபாயை.